ஓர் அட்டையின் இரண்டு மரணங்கள்

லண்டனில் பிறந்து வளர்ந்த என் ராத்தாவின் மகன் சில வருடங்களுக்கு முன்னர் விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தான். சுபஹுத் தொழுகைக்காக இருவரும் வீட்டிலிருந்து இறங்கினோம். படலையைத் தாண்டியதும் என் கை தானாகவே சட்டைப் பைக்குப் போனது. அடையாள அட்டை இருக்கவில்லை. "கொஞ்சம் நில்லு மகன்" என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பிப் போய் எடுத்துக்கொண்டு வந்தேன். பள்ளிவாசல் இருநூறு யார் தூரத்தில்தான் இருக்கிறது. யுத்தம் முடிந்து பல வருடங்களாகிவிட்டன. அந்த வழியில் இப்போது சோதனைச் சாவடி எதுவுமில்லை.

"பள்ளிக்குப் போறதுக்கு என்னத்துக்கு மாமா ஐடென்டிக் காட்? எங்கட ஊரில அப்படி ஒண்டுமே இல்லையே" என்றான்.

அவனுக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. எம்மை நூற்றைம்பது வருடங்கள் ஆண்டு, கச்சேரியையும் இடாப்பையும் பதிவேட்டையும் எமக்குப் பழக்கிவிட்டுப் போன நாடு, தன் மக்களின் சட்டைப் பையில் மட்டும் ஏன் ஓர் அட்டையை வைக்கவில்லை என்ற கேள்வி எனக்குள் கிடந்து உறுத்தியது. தேடிப் படித்தபோது தெரிய வந்த கதை வேறு. பிரித்தானியரிடமும் அடையாள அட்டை இருந்திருக்கிறது. ஒரு தடவையல்ல, இரண்டு தடவை. இரண்டு தடவையும் அதை அவர்கள் புதைத்திருக்கிறார்கள். அந்தக் கதை எமக்கும் வேண்டியது என்பதால் இங்கே சொல்கிறேன்.

பாணுக்கும் சீனிக்கும் பின்னால் வந்த அட்டை

முதலாம் உலக யுத்த காலத்தில், 1915 ஓகஸ்ட் 15 ஆம் திகதி, பிரித்தானியா தன் மக்களில் 15 வயதிலிருந்து 65 வயது வரையானோரைப் பதிவு செய்தது. கட்டாய இராணுவ சேவைக்கான முன்னேற்பாடுதான் இது என்ற ஐயம் அப்போதே பலருக்கு இருந்தது. ஆறு மாதங்களுக்குள், 1916 ஜனவரியில், கட்டாய சேவைச் சட்டம் நிறைவேறியது. ஆயினும் யுத்தம் நீள நீள அந்தப் பதிவேடு பயனற்றுப் போயிற்று. வீடு மாறியவர்கள் அறிவிக்கவில்லை. பதிவைச் சரியாக வைத்திருப்பதில் சாதாரண மனிதனுக்கு எந்த இலாபமும் இருக்கவில்லை.

இந்தத் தோல்வியை மனதில் வைத்திருந்தவர் சில்வேனஸ் விவியன். பின்னாளில் பதிவாளர் நாயகமாக இருந்த இவர் அடுத்த யுத்தத்துக்கான திட்டத்தை முன்கூட்டியே வகுத்தார். மக்கள் தாமாகவே விரும்பிப் பேணும் ஒன்றோடு பதிவேட்டைக் கட்டிவிட வேண்டும் என்பதே அவர் கண்ட வழி. அந்த ஒன்று உணவு. பதிவு இல்லாதவருக்குக் கூப்பன் புத்தகம் இல்லை. கூப்பன் இல்லாதவருக்கு வெண்ணெய் இல்லை, சீனி இல்லை.

1939 செப்டெம்பர் முதல் வாரத்தில் தேசியப் பதிவுச் சட்டம் நிறைவேறியது. அம்மாதம் 29 ஆம் திகதி இரவு நாடு முழுவதும் கணக்கெடுப்பு நடந்தது. ஏறத்தாழ 65,000 கணக்கெடுப்பாளர்கள் வீடு வீடாகச் சென்றார்கள். சுமார் 4 கோடி 60 இலட்சம் அட்டைகள் விநியோகமாயின. 1940 ஜனவரி 8 ஆம் திகதி உணவுப் பங்கீடு தொடங்கியது. சாதாரண மக்களுக்கு வழங்கப்பட்ட அட்டையில் புகைப்படம் கிடையாது. பெயர், முகவரி, ஓர் இலக்கம், கையொப்பம் ஆகியவைதான் இருந்தன. இன்று எமது கையிலிருக்கும் அட்டையோடு ஒப்பிட்டால் அது வெறும் காகிதத் துண்டு.

மூன்று தேவைகளுக்கென்றே பாராளுமன்றத்தில் அந்தச் சட்டத்துக்கு ஆதரவு கேட்கப்பட்டது: படைக்கு ஆள் சேர்த்தல், நாட்டின் பாதுகாப்பு, உணவுப் பங்கீடு. யுத்தம் 1945 இல் முடிந்தது. அட்டை முடியவில்லை. 1950 ஆம் ஆண்டளவில் 39 அரசாங்க அமைப்புகள் அந்தப் பதிவேட்டைப் பயன்படுத்திக்கொண்டிருந்தன. இந்த 36 புதிய வாசல்களைத் திறந்துவிட்ட தீயவன் என்று எவரையும் சுட்ட முடியாது. பதிவேடு அங்கே இருந்தது. இருப்பதைப் பயன்படுத்தினால் வேலை இலகு. ஒவ்வொரு திணைக்களமும் தன்னளவில் நியாயமான ஒரு காரணத்தைச் சொல்லி உள்ளே வந்தது.

'காட்ட மாட்டேன்' என்ற மனிதர்

1950 டிசம்பர் 7 ஆம் திகதி, லண்டனின் வடபகுதியிலுள்ள ஃபின்ச்லியில், கிளாரன்ஸ் வில்கொக் என்பவர் தமது காரில் சென்றுகொண்டிருந்தார். உலர் சலவைத் தொழிலில் இருந்தவர். லிபரல் கட்சிக்காரர். வேகமாக ஓட்டினார் என்று ஹரல்ட் மக்கிள் என்ற கொன்ஸ்டபிள் அவரை நிறுத்தி அடையாள அட்டையைக் கேட்டார். வில்கொக் மறுத்தார். இரண்டு நாட்களுக்குள் ஏதாவதொரு பொலிஸ் நிலையத்தில் காட்டலாம் என்று கொன்ஸ்டபிள் படிவமொன்றை நீட்டினார். அதையும் அவர் ஏற்கவில்லை. இப்படியான காரியங்களுக்குத் தாம் எதிரானவர் என்றார்.

இதை வாசிக்கும் எம்மில் பலருக்குச் சிரிப்பு வரலாம். எமது சாவடிகளில் இப்படிச் சொல்லிவிட்டு வீடு வந்து சேர்ந்தவர் எவரையும் நான் அறியேன். ஆனால் வில்கொக்கும் தண்டனைக்குப் பயப்படாத வீரர் என்ற பெயருக்காக இதைச் செய்யவில்லை. அவர் கேட்டது சட்டத்தின் கேள்வி. யுத்தத்துக்கென்று வந்த சட்டம், யுத்தம் முடிந்து ஐந்து வருடங்களாகியும் எப்படி உயிரோடிருக்கிறது?

கீழ் நீதிமன்றம் அவரைக் குற்றவாளியாகக் கண்டது. மேன்முறையீடு 1951 ஜூனில் பிரதம நீதியரசர் கொடார்ட் பிரபு உட்பட ஏழு நீதியரசர்கள் முன் வந்தது. சட்டத்தின் கேள்வியில் வில்கொக் தோற்றார். அவசரகாலம் முடிந்துவிட்டதென்று முறைப்படி கட்டளை பிறப்பிக்கப்படாததால் சட்டம் இன்னும் நடைமுறையில் இருப்பதாகவே நீதிமன்றம் தீர்த்தது. ஆனால் கொடார்ட் பிரபு அதோடு நிற்கவில்லை. ஒரு தேவைக்காக ஆக்கப்பட்ட சட்டத்தை இன்னொரு தேவைக்குப் பயன்படுத்துவது, சட்டத்துக்குப் பணிந்து நடப்பவர்களையே சட்டத்தை மீறுவோராக மாற்றிவிடும் என்றும், பொலிஸாருக்கும் மக்களுக்கும் இடையிலுள்ள நல்லுறவைக் கெடுத்துவிடும் என்றும் சொன்னார். காரை நிறுத்தும்போதெல்லாம் வழக்கம்போல் அட்டையைக் கேட்பதைக் கண்டித்தார். தோற்ற வில்கொக்கிடமிருந்து வழக்குச் செலவை அறவிடவும் நீதிமன்றம் மறுத்தது. கொடார்ட் பிரபு இளகிய மனதுக்குப் பேர் போனவரல்லர். கடுமையான தண்டனைகளை ஆதரித்தவர். அத்தகையவரே இதைச் சொன்னதால் அந்த வார்த்தைகளுக்குக் கனம் கூடியது.

அந்த வருடம் ஒக்டோபரில் ஆட்சி மாறியது. 1952 பெப்ரவரி 21 ஆம் திகதி, இனி எவரும் அட்டையை வைத்திருக்கவோ காட்டவோ தேவையில்லை என்று சேர்ச்சிலின் அரசாங்கம் அறிவித்தது. வில்கொக் அதைக் காண உயிரோடிருந்தார். அதே ஆண்டு டிசம்பரில் ஒரு கூட்டத்தின்போதே மயங்கி விழுந்து காலமானார்.

அட்டை இறந்தது. பதிவேடு இறக்கவில்லை. 1948 இல் தொடங்கிய தேசிய சுகாதார சேவை அதே பதிவேட்டைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. 1939 இல் ஒரு குழந்தைக்குக் கூப்பனுக்காகக் கொடுத்த இலக்கம் நீண்ட காலம் அதன் வைத்திய இலக்கமாகத் தொடர்ந்தது. அதனால் தீங்கு விளைந்ததாகச் சொல்ல வரவில்லை. அட்டையை எரிக்கலாம், கிழிக்கலாம். அதற்குப் பின்னாலிருக்கும் ஏட்டை அழிப்பது அத்தனை இலகுவல்ல என்பதையே இது காட்டுகிறது.

அட்டை மீண்டும் பிறந்த கதை

2001 செப்டெம்பர் 11 க்குப் பிறகு அந்த அட்டைக்கு மீண்டும் உயிர் கொடுக்கும் முயற்சி தொடங்கியது. 2002 இல் உள்நாட்டு அமைச்சர் டேவிட் பிளங்கெட் அதை 'உரித்து அட்டை' என்ற பெயரில் முன்வைத்தார். அரச உதவிகளை உரியவருக்குச் சேர்ப்பதற்கு என்றார்கள். பிறகு சட்டவிரோதக் குடியேற்றம் என்றார்கள். பிறகு பயங்கரவாதம். அதன் பிறகு ஆளடையாளத் திருட்டு. அட்டை ஒன்றாகவே இருக்க, காரணங்கள் மாறிக்கொண்டிருந்தன.

2005 ஜூலை 7 ஆம் திகதி லண்டனில் குண்டுகள் வெடித்து 52 அப்பாவிகள் கொல்லப்பட்டனர். அடையாள அட்டை இருந்திருந்தால் இது தடுக்கப்பட்டிருக்குமா என்று அப்போதைய உள்நாட்டு அமைச்சர் சார்ள்ஸ் கிளார்க்கிடம் கேட்டபோது, தாம் அப்படி நினைக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். அதே வருடம், உளவுச் சேவையின் முன்னாள் தலைவி ஸ்டெல்லா ரிமிங்டன் அம்மையாரும் அட்டையால் நாடு பாதுகாப்படையுமென்று தமக்குத் தோன்றவில்லை என்றார். போலியாக ஆக்கக்கூடிய அட்டை பயனற்றது என்பது அவர் கருத்து. வாழ்நாள் முழுவதும் பாதுகாப்புத் துறையில் கழித்தவரின் வாயிலிருந்து வந்தது இது.

ஆளடையாளத் திருட்டால் வருடாந்தம் 170 கோடி பவுண் இழப்பு என்று 2006 இல் அரசாங்கம் கணக்குச் சொன்னது. சாதாரணக் கடனட்டை மோசடிகளையும் அதற்குள் சேர்த்திருக்கிறார்கள் என்ற கண்டனம் எழுந்தது. திட்டத்துக்குப் பத்து வருடங்களில் ஏறத்தாழ 580 கோடி பவுண் போதுமென்றது அரசாங்கம். லண்டன் பொருளியல் கல்லூரியின் ஆய்வு 1,060 கோடியிலிருந்து 1,920 கோடி வரை செல்லுமென்று மதிப்பிட்டது. எப்படியோ 2006 மார்ச் 30 ஆம் திகதி அடையாள அட்டைச் சட்டம் நிறைவேறியது. ஒரு மனிதனைப் பற்றிய சுமார் 50 வகையான விபரங்களை ஒரே தேசியப் பதிவேட்டில் வைக்க அது இடமளித்தது. விரலடையாளம், முன்பு வசித்த முகவரிகள் எல்லாம் அதில் அடக்கம். அந்த அட்டை எங்கெங்கே, எப்போது சரிபார்க்கப்பட்டது என்ற குறிப்பும் அதில் சேரும்.

அதற்கடுத்த வருடம் நடந்ததை எந்தக் கதாசிரியன் எழுதியிருந்தாலும் மிகையென்றே சொல்லியிருப்போம். 2007 ஒக்டோபரில், பிரித்தானிய வரித் திணைக்களத்தின் அலுவலகமொன்றிலிருந்து கணக்காய்வு அலுவலகத்துக்கு இரண்டு இறுவட்டுகள் அனுப்பப்பட்டன. பதிவுத் தபாலில்கூட அல்ல. அவற்றில் இருந்தவை பிள்ளைகளுக்கான உதவிப் பணம் பெறும் குடும்பங்களைச் சேர்ந்த 2 கோடி 50 இலட்சம் பேரின் விபரங்கள்: பெயர், முகவரி, பிறந்த திகதி, காப்புறுதி இலக்கம், வங்கிக் கணக்கு. கடவுச்சொல் இருந்தது, ஆனால் தரவுகள் மறைகுறியாக்கப்பட்டிருக்கவில்லை. இறுவட்டுகள் போய்ச் சேரவில்லை. நவம்பர் 20 ஆம் திகதி நிதியமைச்சர் அலிஸ்டயர் டார்லிங் பாராளுமன்றத்தில் எழுந்து இதை அறிவித்தார். திணைக்களத் தலைவர் பதவி விலகினார். அந்த இரு வட்டுகளும் கண்டெடுக்கப்படவேயில்லை.

ஆளடையாளத் திருட்டைத் தடுப்பதற்கு எல்லா விபரங்களையும் எம்மிடம் தாருங்கள் என்று கேட்ட அரசாங்கம், திருடனுக்கு வேண்டிய அத்தனையையும் இரண்டு வட்டுகளில் போட்டுத் தொலைத்துவிட்டது. சிதறிக் கிடந்தால் சிறிது சிறிதாகத் திருட வேண்டியதை ஒரே இடத்தில் குவித்தால் ஒரே கையசைவில் இழக்கலாம் என்பது பாமர மக்களுக்கும் அன்று விளங்கிற்று.

2010 இல் ஆட்சி மாறியது. அதற்குள் ஏறத்தாழ 15,000 பேர் 30 பவுண் கொடுத்து அட்டை வாங்கியிருந்தார்கள். 2011 ஜனவரியில் அந்த அட்டைகள் செல்லுபடியற்றவையாயின. கொடுத்த பணம் திருப்பிக் கொடுக்கப்படவில்லை. பெப்ரவரியில் பதிவேட்டின் சுமார் 500 வன்தட்டுகளைப் பொடியாக்கும் இயந்திரத்தில் போட்டு அரைத்தார்கள். 1952 இல் அட்டையை மட்டும் புதைத்தவர்கள் இம்முறை ஏட்டையும் அழித்தார்கள்.

ஆனால் ஒரு பகுதியினருக்கு மட்டும் அந்த மரணம் நிகழவில்லை. 2008 நவம்பரிலிருந்து ஐரோப்பியரல்லாத வெளிநாட்டவருக்கு வழங்கப்பட்டு வந்த விரலடையாள அட்டை, 'வதிவிட அனுமதி' என்ற பெயரில் தொடர்ந்து வழங்கப்பட்டது. லண்டனில் வேலை செய்த எமது பிள்ளைகளில் எத்தனையோ பேர் அதைச் சட்டைப் பையில் சுமந்தவர்கள். 2024 ஆம் ஆண்டின் இறுதியில் அது இலத்திரனியல் வடிவத்துக்கு மாற்றப்பட்டது. ராத்தாவின் மகனுக்கு இல்லாத அட்டை, அவனுடைய வாப்பாவுக்கு முன்பு இருந்திருக்கிறது. குடியுரிமை உள்ளவனிடமிருந்து அட்டை போயிற்று. குடியுரிமை இல்லாதவனிடம் தங்கிற்று.

எமது சட்டைப் பை

இனி எமது கதை. ஆட்களைப் பதிவு செய்யும் சட்டம் 1968 இன் 32 ஆம் இலக்கச் சட்டமாக வந்தது. 1972 இலிருந்து அட்டைகள் வழங்கப்பட்டன. பழைய அட்டையின் ஒன்பது எண்களை எடுத்துப் பாருங்கள். முதலிரண்டும் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாயின் அதோடு 500 கூட்டப்பட்டிருக்கும். இலக்கத்தைக் கேட்டவுடனேயே ஆணா பெண்ணா, எத்தனை வயது என்று சொல்லிவிடலாம். 2016 இல் வந்த பன்னிரண்டு இலக்க முறையிலும் இந்த இரகசியம் மறையவில்லை. அதோடு பெயரும் பிறந்த இடமும் சேர்ந்தால் சாவடியில் நிற்பவருக்கு வேறெதுவும் வேண்டியதில்லை. பிறந்த இடம் எதுவென்பதைப் பொறுத்து நாம் நின்ற நேரம் கூடியும் குறைந்தும் இருந்ததை அனுபவித்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தீங்கு நினையாமல் எழுதிய பட்டியல் என்ன செய்யும் என்பதை எமது நாடு பிரித்தானியாவைவிடக் கசப்பாக அறிந்திருக்கிறது. வாக்காளர் இடாப்பு வாக்களிப்பதற்காக எழுதப்பட்டது. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடி வந்த கும்பல்களின் கைகளில் அந்த இடாப்புகள் இருந்தன. பெயரையும் முகவரியையும் நேர்மையாக எழுதிக் கொடுத்த விதானைமார் அதைக் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். பிரித்தானியா இறுவட்டுகளைத் தொலைத்த அதே 2007 இல், ஜூன் 7 ஆம் திகதி விடியற்காலையில், கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு நகரை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்து இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. அரசாங்கமும் பின்னர் வருத்தம் தெரிவித்தது. அடையாள அட்டை அவர்களிடம் இருந்தது. அது அவர்களைக் காப்பாற்றவில்லை.

வில்கொக் கேட்ட கேள்வியும் எமக்குப் புதிதல்ல. 1979 இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் பெயரிலேயே 'தற்காலிக ஏற்பாடுகள்' என்ற சொற்கள் இருக்கின்றன. மூன்று வருடங்களுக்கென்று வந்து, 1982 இல் நிரந்தரமாக்கப்பட்டு, நாற்பது வருடங்களுக்கு மேலாக அது நீடித்தது. முதலில் தமிழ் இளைஞர்களுக்கு எதிராகப் பயன்பட்டபோது எம்மில் பலர் அது எமக்குரிய சட்டமல்ல என்றிருந்தோம். 2019 ஏப்ரலுக்குப் பிறகு எமது வாசலுக்கும் வந்தது. மற்றவனுக்கென்று ஆக்கிய சட்டம் என்று ஒன்றும் கிடையாது என்பதை நாம் பிந்தித்தான் படித்தோம்.

ஆளடையாளத் திருட்டும் எமக்கு அந்நியமல்ல. எனக்குத் தெரிந்த ஒரு சிறு வியாபாரி எங்கோ ஒரு கடையில் கொடுத்த அடையாள அட்டைப் பிரதியைக் கொண்டு எவனோ தொலைபேசி சிம் எடுத்திருந்தான். யுத்தகாலம். விசாரணைக்கு அழைக்கப்பட்டு வியாபாரி மூன்று நாள் அலைந்தார். திருடப்பட்டது அவருடைய பணமல்ல, பெயர். அந்தப் பெயர் தன்னுடையதுதான், செயல் தன்னுடையதல்ல என்று நிரூபிக்க வேண்டிய சுமையும் அவர் தலையிலேயே விழுந்தது.

2016 இன் திருத்தச் சட்டம் விரலடையாளம் போன்ற உடற்கூற்று விபரங்களையும் சேகரிக்க வழி செய்தது. 2022 இல் தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கும் 9 ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. அது நல்ல ஆரம்பம். இந்திய உதவியோடு எண்முறை அடையாள அட்டைக்கான ஏற்பாடுகளும் தொடங்கப்பட்டன. நான் இதற்கு முற்றாக எதிரானவனல்லன். அட்டை இல்லாததால் பாடசாலை, பரீட்சை, வாக்கு என எல்லாவற்றிலும் தடுமாறிய மக்களைக் கண்டவன். 1990 இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட எமது மக்கள் புத்தளத்துக் கொட்டில்களில் ஒரு பிறப்புச் சான்றிதழுக்காக என்ன பாடுபட்டார்கள் என்பது எம் எழுத்தாளர்கள் பலரின் கதைகளிலேயே இருக்கிறது. பெயர் எங்குமே எழுதப்படாதிருப்பதும் ஒரு வகை அநீதிதான். ஆயினும் எழுதப்பட்ட பெயரை யார், எதற்காக, எவ்வளவு காலத்துக்குப் படிக்கலாம் என்ற கேள்வியை அதற்கு முன்பே கேட்டாக வேண்டும். நல்ல அரசாங்கத்தை நம்பித் திறக்கும் ஏட்டின் திறப்பு அடுத்த அரசாங்கத்திடமும் போகும்.

2025 செப்டெம்பரில் ராத்தாவின் மகன் தொலைபேசியில் அழைத்தான். பிரித்தானியப் பிரதமர் ஸ்டாமர் புதிய எண்முறை அடையாளத் திட்டமொன்றை அறிவித்திருந்தார். இம்முறை சொல்லப்பட்ட காரணம் சட்டவிரோத வேலைவாய்ப்பு. எதிர்ப்பு மனுவில் இலட்சக்கணக்கானோர் கையொப்பமிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மாமா, எங்களுக்கும் வரப் போகுதாம்" என்றான்.

வில்கொக்கின் கதையை அவனுக்குச் சொன்னேன். கேள்விப்பட்டதேயில்லை என்றான்.

நான் இன்னும் பள்ளிக்குப் போகும்போது அட்டையை எடுத்துக்கொண்டுதான் போகிறேன். அந்தக் கையை இனி மாற்ற முடியாது. ஆனால் ஒரு பழக்கத்தை மட்டும் புதிதாகப் பழகியிருக்கிறேன். கடையிலோ கந்தோரிலோ அடையாள அட்டையின் பிரதியைக் கேட்டால், எதற்கு என்று கேட்கிறேன். அவர்கள் சொல்லும் காரணத்தையும் அன்றைய திகதியையும் பிரதியின் மேலேயே பேனையால் குறுக்காக எழுதி, அதன் பிறகுதான் கொடுக்கிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள். ஒரு கந்தோரில் ஓர் இளம் எழுதுவினைஞர் மட்டும் அதை உற்றுப் பார்த்துவிட்டு, "நாங்களும் இனி இப்படித்தான் எழுதிக் கொடுக்க வேணும்" என்றார்.